தருமமா, கடனா? சுரங்கக் கொம்பனிகளின் சமூகப் பொறுப்புப் பற்றி ஒரு சிந்தனை

எரிகோ நகரத்துச் சக்கேயுவை நாம் எல்லோரும் சிறு வயதிலிருந்தே அறிவோம். மறைக்கல்வி வகுப்பில் அவனுடைய கதையைக் கேளாத பிள்ளை இல்லை. வரி தண்டுவோருக்குத் தலைவன், பெரும் செல்வந்தன், ஆள் குள்ளம். இயேசுவைக் காணும் ஆவலினால் வழியோரத்து அத்திமரத்தில் ஏறியவன். அவன் மரத்தில் ஏறியதை நாம் நன்றாக நினைவில் வைத்திருக்கிறோம். இறங்கிய பின் அவன் சொன்னதை அவ்வளவு கவனிப்பதில்லை.

தன் உடைமையிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுப்பதாக அவன் சொன்னான். அதோடு அவன் நிறுத்தவில்லை. எவரையாவது ஏமாற்றி எதையாவது பறித்திருந்தால், அதை நான்கு மடங்காகத் திருப்பிக் கொடுப்பதாகவும் சொன்னான்.

இங்கே இருப்பவை இரண்டு கணக்குகள். முதலாவது தருமக் கணக்கு. இரண்டாவது கடன் கணக்கு. வாழ்நாள் முழுவதும் கணக்கோடு பழகிய மனிதனுக்கு இரண்டுக்கும் உள்ள வேறுபாடு தெரிந்திருந்தது. "பாதிச் சொத்தையே கொடுத்துவிட்டேனே, இனியும் என்ன கேட்கிறீர்கள்?" என்று அவன் கேட்கவில்லை. முதலாவது கணக்கைக் காட்டி இரண்டாவதை மூடிவிட முயலவில்லை. அந்த வீட்டுக்கு இன்று மீட்பு வந்தது என்று ஆண்டவர் அறிவித்தது இரண்டு கணக்குகளும் திறக்கப்பட்ட பின்னரேயாகும்.

நமது ஊர் வழக்கிலேயே ஓர் உதாரணம் பார்ப்போம். ஒரு கடை முதலாளி தம்மிடம் வேலை செய்யும் பையனுக்குப் பேசிய சம்பளத்தை முழுதாகக் கொடுப்பதில்லை. அவனுக்காகச் சேமலாப நிதிக்குக் கட்டவேண்டிய பணத்தையும் கட்டுவதில்லை. ஆனால் நத்தார் வந்தால் பையனுக்குப் புதுச் சட்டை, அவனுடைய தாய்க்கு ஒரு சேலை. கோவில் திருநாளுக்குப் பந்தற் செலவும் அவருடையதே. ஊர் அவரைத் தருமவான் என்கிறது. அந்தச் சேலை யாருடைய காசில் வாங்கப்பட்டது என்பது பையனுக்கு மட்டுமே தெரியும்.

இரண்டாவது வத்திக்கான் சங்கம் 1965இல் பொதுநிலையினரின் திருத்தூதுப் பணி பற்றி வெளியிட்ட ஏட்டிலே இந்த ஆபத்தைச் சுட்டிக் காட்டியது. நீதியின்படி ஒருவருக்குச் சேரவேண்டியதை அன்பின் கொடைபோலக் கொடுத்துவிடலாகாது. நீதியின் கடனை முதலிலே தீர்க்க வேண்டும் என்பதே அப்போதனையின் சாரம். ஒரு கடைக்குச் சொல்லப்பட்ட இந்த நியாயம், உலகம் முழுவதும் கிளை பரப்பிய ஒரு சுரங்கக் கொம்பனிக்கும் பொருந்துமா? இதுவே இன்று நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி.

ஒரு நல்ல சொல்லின் கதை

"நிறுவனங்களின் சமூகப் பொறுப்பு" என்னும் சொற்றொடர் இப்பொழுது எங்கும் கேட்கிறது. இதன் பிறப்பிலே மதத்தின் மனச்சாட்சிக்கும் பங்குண்டு என்பதைப் பலர் அறியார். 1953இல் ஹவார்ட் போவன் என்னும் அமெரிக்கப் பொருளியலாளர் வர்த்தகரின் சமூகப் பொறுப்புகள் பற்றி ஒரு நூல் எழுதினார். அந்நாட்டுச் சீர்திருத்தச் சபைகளின் கூட்டமைப்பு ஏற்பாடு செய்த நூல்வரிசையில் அதுவும் ஒன்று. பெருங் கொம்பனிகளின் தீர்மானங்கள் கோடிக்கணக்கான மக்களின் வாழ்வைத் தொடுகின்றன. ஆகவே இலாபத்தை மாத்திரம் கருதி அவை நடத்தல் முறையன்று என்பது அவருடைய வாதம்.

1970இல் மில்ரன் பிறீட்மன் என்னும் பொருளியலாளர் இதற்கு எதிர்வாதம் வைத்தார். கொம்பனியின் பணம் பங்குதாரரின் பணம். அதை எடுத்து முகாமையாளர் தருமம் செய்வது பிறருடைய பணத்திலே புண்ணியம் தேடுவதாகும். சட்டத்துக்கும் நேர்மைக்கும் உட்பட்டு இலாபம் ஈட்டுவதே கொம்பனியின் பொறுப்பு என்றார் அவர்.

பிறீட்மன் சொன்னதில் உண்மையே இல்லை என்று தள்ளிவிட வேண்டாம். அவருடைய கண்டனம் தருமக் கணக்கைப் பற்றியது. கடன் கணக்கை அது தொடவில்லை. பட்ட கடனைத் தீர்ப்பது முகாமையாளரின் தயவு அன்று; அதற்குப் பங்குதாரரின் தாராள மனமும் தேவையில்லை. ஆகவே ஒரு கொம்பனி எவ்வளவு தருமம் செய்யவேண்டும் என்ற விவாதத்துக்கு முன்னரே கேட்கப்படவேண்டிய கேள்வி ஒன்று உண்டு. அது யாருக்கு என்ன கடன்பட்டிருக்கிறது?

சுரங்கத் தொழிலிலே இக்கேள்வி மிகவும் கூர்மை அடைகிறது. ஆடைத் தொழிற்சாலையை எந்த ஊரிலும் கட்டலாம். பிடிக்காவிட்டால் வேறோர் ஊருக்குக் கொண்டு போகலாம். கனிமமோ இருக்கும் இடத்திலேதான் இருக்கும். அதன் மேலே குடியிருப்பவர்கள் அதற்காகவே இடம்பெயர வேண்டியவர்களாகிறார்கள். நெல் அறுத்த வயல் மறுபோகம் விளையும். தோண்டிய செம்பு மறுபடி முளைக்காது. கனிமம் தீர்ந்ததும் கொம்பனி போய்விடும்; மக்கள் அங்கேயே இருப்பார்கள்.

இதையெல்லாம் ஒரே இடத்தில் காட்டும் தீவு ஒன்று உண்டு.

பூகன்வில் தீவு

நமது வளவுகளில் கடதாசிப்பூ என்று நாம் வளர்க்கும் போகன்வில்லாச் செடிக்கு, 18ஆம் நூற்றாண்டில் உலகைச் சுற்றிவந்த ஒரு பிரெஞ்சுக் கடலோடியின் பெயர் இடப்பட்டது. அவர் 1768இல் கண்ட ஒரு பசுபிக் தீவும் அவர் பெயரையே தாங்குகிறது. அதுவே பூகன்வில். புவியியலின்படி அது சொலமன் தீவுக் கூட்டத்தைச் சேர்ந்தது. அரசியலின்படி பப்புவா நியூகினியுடன் இணைக்கப்பட்டது. 1901இல் மரிஸ்ற் சபைக் குருக்கள் அங்கு நற்செய்திப் பணியைத் தொடங்கினார்கள். இன்று அத்தீவு மக்களிற் பெரும்பான்மையோர் கத்தோலிக்கர்.

அத்தீவின் பெரும்பாலான பகுதிகளில் நிலம் தாய்வழியாகவே இறங்குகிறது. தாயிடமிருந்து மகளுக்கு, அவளிடமிருந்து அவள் மகளுக்கு. தேசவழமையையும் சீதனக் காணியையும் அறிந்த நமக்கு இது விளங்காத விடயமன்று. எனினும் அங்கே நிலம் விற்று வாங்கும் பொருளாக இருக்கவில்லை. முன்னோரின் கல்லறையும் பிள்ளைகளின் தோட்டமும் கூட்டத்தின் பெயரும் அடையாளமும் எல்லாம் அதுவே.

1964இல் றியோ ரின்ரோ குழுமத்தின் அவுஸ்திரேலியக் கொம்பனி அங்கே செம்பு தேடத் தொடங்கியது. பங்குனா என்னும் மலைப்பகுதியிலே பெரும் செம்புப் படிவு இருப்பது தெரியவந்தது. அப்பொழுது அப்பிரதேசத்தை அவுஸ்திரேலியா நிர்வகித்து வந்தது. நிலத்தின் மேற்பரப்பு மக்களுடையதாயினும், அதன் அடியிலுள்ள கனிமம் அரசுக்கே உரியது என்பது அதிகாரிகள் கொண்டுவந்த சட்டம். மரத்தின் வேர் எனக்கு, இலை உனக்கு என்று பங்கு பிரிப்பதுபோன்ற இந்த நியாயம் அம்மக்களுக்கு விளங்கவேயில்லை. அதிலும், அதிகாரிகள் பேச வந்தபொழுது ஆண்களுடன் பேசினார்கள். நிலத்துக்கு உரிமைக்காரியான பெண்ணிடம் அவர்கள் கேட்கவில்லை.

1967இல் பூகன்வில் செம்பு உடன்படிக்கை நிறைவேறியது. அதே 1967இல் உரோமாபுரியில் பாப்பரசர் ஆறாம் பவுல் மக்களின் முன்னேற்றம் பற்றிய தமது சுற்றுமடலை வெளியிட்டார். முன்னேற்றம் என்பது செல்வம் பெருகுவது மாத்திரமன்று. அது முழு மனிதனையும் எல்லா மனிதரையும் உயர்த்துவதாக இருக்கவேண்டும் என்று அவர் உலகுக்கு எடுத்துரைத்தார். ஒரே ஆண்டில் எழுதப்பட்ட அந்த இரண்டு ஏடுகளில் ஒன்றில் மனிதன் இருந்தான். மற்றதில் செம்பின் அளவு இருந்தது.

1969 ஓகஸ்ட் மாதம் துறைமுகத்துக்காக றொறொவானாக் கிராமத்து நிலத்தை அளக்க வந்தார்கள். அந்த ஊர்ப் பெண்கள் முன்னே வந்து, அளவைக் கட்டைகளைப் பிடுங்கித் தடுத்தார்கள். பொலிசார் பொல்லடியும் கண்ணீர்ப்புகையும் கொண்டு அவர்களை விலக்கினர். அப்படங்கள் அவுஸ்திரேலியப் பத்திரிகைகளில் வெளிவந்தபொழுது அந்நாட்டு மக்களே வெட்கமுற்றனர். ஆனால் சுரங்கம் நிற்கவில்லை. 1972இல் உற்பத்தி தொடங்கியது.

யாருக்கு எவ்வளவு?

1972 முதல் 1989 வரை பங்குனாவிலிருந்து ஏறக்குறைய 30 இலட்சம் தொன் செம்பும் 300 தொன்னுக்கு மேற்பட்ட பொன்னும் எடுக்கப்பட்டன. பப்புவா நியூகினியின் ஏற்றுமதி வருமானத்தில் சுமார் 44 வீதம் அந்த ஒரு குழியிலிருந்து வந்தது. 1975இல் சுதந்திரம் பெற்ற இளம் நாட்டுக்கு அதுவே முதுகெலும்பு.

அச்செல்வம் பங்கிடப்பட்ட விதத்தைக் கவனியுங்கள். மத்திய அரசாங்கத்துக்கு வரியாகவும் பங்கு இலாபமாகவும் பிறவாகவும் சென்றது ஏறக்குறைய 62 வீதம். அரசு சாராத பங்குதாரருக்குச் சுமார் 33 வீதம். மாகாண அரசாங்கத்துக்குச் சுமார் 4 வீதம். நிலத்தின் சொந்தக்காரருக்குச் சுமார் 1 வீதம்.

இனி, கொம்பனி ஒன்றுமே செய்யவில்லை என்று சொன்னால் அது பொய்ச் சாட்சி ஆகிவிடும். அது வீதிகள் அமைத்தது, அறாவா என்ற நகரம் எழுந்தது, மருத்துவமனை வந்தது. ஏறக்குறைய 12,000 பேர் அதனிடம் தொழிற்பயிற்சி பெற்றனர். அதன் பெயரால் அமைந்த ஒரு நிதியம் மாணவருக்குப் புலமைப்பரிசில் வழங்கியது. அக்காலத்தில் வேறு பல சுரங்கங்களோடு ஒப்பிட்டால், இது முன்மாதிரியான கொம்பனி என்று பலரும் மெச்சினார்கள். தருமக் கணக்கு நன்றாகவே எழுதப்பட்டிருந்தது.

கடன் கணக்கோ வேறு. நூறு கோடி தொன்னுக்கு மேற்பட்ட கழிவு கவேறோங், ஜாபா ஆறுகளிலே விடப்பட்டது. ஆற்றுப் படுக்கை மேடாயிற்று, வெள்ளம் தோட்டங்களிற் பாய்ந்தது, மீன் அற்றுப்போயிற்று. தலைமுறை தலைமுறையாகக் குடித்த நீர், தொடக் கூடாத நீராக மாறியது. வேலை தேடி வெளியிலிருந்து வந்தவர்களால் ஊரின் வாழ்வும் ஒழுங்கும் குலைந்தன. ஒரு தாய் தன் மகளுக்குக் கொடுக்க வைத்திருந்த நிலம் குழியாகிப் போனபின், அவளுடைய மகனுக்குக் கிடைத்த புலமைப்பரிசில் எதற்கு ஈடாகும்? புலமைப்பரிசில் நல்லதுதான். ஆனால் அது வேறு கணக்கு.

1987இல் புதிய தலைமுறை நிலவுரிமையாளர் ஒரு சங்கமாகத் திரண்டனர். அதற்குத் தலைமை தாங்கியவர் பெர்பெற்றுவா செறெறோ என்னும் பெண்மணி. அவருடன் நின்ற பிரான்சிஸ் ஓனா, அதே கொம்பனியில் நில அளவையாளராகப் பணிபுரிந்தவர். கொம்பனியின் சம்பளத்தைப் பெற்ற ஒருவரே அதன் கடன் கணக்கைக் கேட்டு எழுந்தார் என்பதைக் கவனிக்க வேண்டும். ஒரு கணக்கின் நன்மையால் மற்றக் கணக்கின் நினைவை அழிக்க முடியவில்லை.

அவர்கள் 1,000 கோடி கினா நட்டஈடு கேட்டார்கள். அது நகைப்புக்குரிய தொகை என்று எண்ணப்பட்டது. 1988 நவம்பரில் சுரங்கத்தின் மின்கோபுரங்கள் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டன. 1989 மே மாதம் சுரங்கம் மூடப்பட்டது. அதன்பின் வந்தது யுத்தம்.

யுத்தம் என்றால் என்ன என்பதை இந்நாட்டுத் தமிழ் வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. வடபகுதிக்குப் பொருளாதாரத் தடை வந்த அதே 1990இலே பூகன்விலைச் சுற்றியும் முற்றுகை போடப்பட்டது. மருந்து இல்லாமல் இறந்த குழந்தைகளும், பிரசவத்தில் இறந்த தாய்மாரும் பலர். இரண்டு இலட்சத்துக்கும் குறைவான மக்கள் வாழ்ந்த தீவிலே 15,000 முதல் 20,000 வரையிலானோர் மாண்டனர் என்று மதிப்பிடப்படுகிறது. இருபுறத்தாரும் கொன்றார்கள்; தீவு மக்கள் தங்களுக்குள்ளேயும் பிளவுபட்டுக் கொன்றார்கள். அவ்வன்முறையை நாம் நியாயப்படுத்தவில்லை. நீதி கேட்கும் குரல் நெடுங்காலம் கேட்கப்படாமல் இருந்தால் அது எங்கே போய் முடியும் என்பதையே சொல்கிறோம்.

தாய்மார் முன்னின்று சமாதானம் தேடினர். திருச்சபைகளும் அதற்கு உழைத்தன. 2001 ஓகஸ்டில் சமாதான உடன்படிக்கை கைச்சாத்தாயிற்று. 2019இல் நடந்த வாக்கெடுப்பில் 97.7 வீதத்தினர் சுதந்திரத்தையே விரும்பினர்.

2016இல் றியோ ரின்ரோ, பூகன்வில் கொம்பனியில் தனக்கிருந்த 53.8 வீதப் பங்குகளை எந்த விலையும் பெறாமல் இரு அரசாங்கங்களுக்கும் ஒப்படைத்துவிட்டு விலகியது. சுரங்கம் நடந்த காலத்துச் சட்டங்களுக்கு அமையவே தான் நடந்ததாகவும், ஆகவே தனக்கு மேலும் கடப்பாடு இல்லை எனவும் அது நிலைப்பாடு எடுத்தது. குழியும் ஆறும் மக்களுக்கு மிஞ்சின.

நான்கு சாட்டுகள்

இங்கேதான் ஒழுக்கவியற் பிரச்சினை முழு வடிவில் நம்முன் நிற்கிறது. கொம்பனியின் சார்பில் சொல்லக்கூடிய நியாயங்கள் நான்கு. அவற்றை நேர்மையாக எடுத்துப் பார்ப்போம்.

முதலாவது: சட்டத்தின்படியே நடந்தோம். அந்தச் சட்டத்தை இயற்றியவர்கள் யார்? நிலத்தின் சொந்தக்காரருக்கு வாக்கே இல்லாத ஒரு குடியேற்ற ஆட்சி. சட்டத்துக்கு அமைவது நீதியின் தொடக்கமேயன்றி முடிவன்று. அரசன் ஆகாபின் கதையை நினைத்துப் பாருங்கள். நாபோத்தின் திராட்சைத் தோட்டத்தை அவன் இலவசமாகக் கேட்கவில்லை. அதைவிட நல்ல தோட்டம் தருவதாகச் சொன்னான். வேண்டுமானால் விலையும் தருவதாகச் சொன்னான். இக்காலத்து நட்டஈட்டு அதிகாரி ஒருவர் அதைத் தாராளமான சலுகை என்றே எழுதியிருப்பார். நாபோத்து மறுத்தது தொகை போதாதென்று அன்று. அது அவன் முன்னோரின் முதுசொம். "வேண்டாம்" என்று சொல்லும் உரிமை அவனுக்கு இருந்தது. அந்த உரிமை மதிக்கப்படாத இடத்தில் விலை எவ்வளவாயினும் அது விற்பனை ஆகாது. பின்னர் நாபோத்தின் வழக்கும் இரண்டு சாட்சிகளோடு சட்டமுறைப்படியே நடத்தப்பட்டது என்பதையும் மறக்கலாகாது.

இரண்டாவது: பெரும் பங்கை எடுத்தது அரசாங்கம், அதனிடம் கேளுங்கள். இது பாதி உண்மை. அரசாங்கத்தின் பொறுப்பு பெரிது. தலைநகரிலே பாடசாலையும் பாலமும் கட்டுவதற்கு ஒரு கிராமத்தின் ஆற்றைப் பலியிட எந்த அரசுக்கும் உரிமை இல்லை. ஆனால் திருச்சபையின் ஒழுக்கவியல் மரபு ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது. பிறருக்கு இழைத்த நட்டத்தைத் திருப்பிச் சரிசெய்வது நீதியின் கடமை. அது மீட்புக்கும் அவசியமானது என்று புனித தோமஸ் அக்குவினாஸ் போதித்தார். அநீதிக்கு உடந்தையானவர்களும் அக்கடமைக்கு உட்பட்டவர்கள். கூட்டாகச் செய்த தீங்கிலே ஒருவன் கொடாமல் நழுவினால் மற்றவன் சும்மா இருந்துவிட முடியாது. "அவன் அதிகம் எடுத்தான்" என்பது என் கடனைக் குறைக்கலாம், அழிக்காது.

மூன்றாவது: இன்றைய பங்குதாரர் அன்று இருக்கவில்லை. உண்மைதான். ஆனால் கொம்பனி என்பது சாவில்லாத ஒரு சட்ட ஆள். அந்தப் பண்பினாலேயே அது அரை நூற்றாண்டுக்கு முன் பெற்ற சொத்தையும் உரிமையையும் நற்பெயரையும் இன்றும் தன்னதென்கிறது. தகப்பன் விட்ட காணியை எடுத்துக்கொண்டு, அதன்மேல் அவர் பட்ட ஈட்டுக் கடனை மட்டும் எனக்குத் தெரியாது என்று சொல்லும் மகனை நம்மூரில் என்னவென்று சொல்வோம்? உறுதி கைமாறினால் காணி கைமாறும். செய்த தீங்கு கைமாறாது.

நான்காவது: யுத்தம் வந்ததால் நாம் ஒன்றும் செய்ய முடியவில்லை. யுத்தகாலத்துக்கு இச்சாட்டுப் பொருந்தும். ஆனால் 2001இல் சமாதானம் வந்தது. அதன்பின் பதினைந்து ஆண்டுகள் கழித்து விலகும்போதும் ஆறு அப்படியே கிடந்தது.

ஆத்தும சோதனை

கதை அத்தோடு முடியவில்லை. 2020இல் பூகன்வில் மக்கள் 156 பேர், அவுஸ்திரேலியாவின் மனித உரிமைச் சட்ட நிலையம் ஒன்றின் துணையோடு, முறைப்பாடு செய்தார்கள். அதன் பயனாக 2021இல் றியோ ரின்ரோ, சுரங்கத்தின் பாதிப்புகளைச் சுதந்திரமான நிபுணர்கள் ஆராய்வதற்குப் பணம் கொடுக்க இணங்கியது. முதற்கட்ட அறிக்கை 2024 டிசெம்பரில் வெளிவந்தது. ஆறுகளிற் படிந்த கழிவு, வெள்ளம், இடிந்துவிழக்கூடிய கட்டடங்கள், அசுத்தமான நீர் ஆகியவற்றால் மக்களுடைய உரிமைகளுக்குக் கடும் பாதிப்புகள் நேர்ந்துள்ளன, இன்னும் நேருகின்றன என்று அது காட்டியது. கொம்பனி அம்முடிவுகளை ஏற்றுக்கொண்டது. அடுத்து என்ன செய்வதென்று பேசுவதற்கு ஓர் உடன்பாடும் அதற்கு முந்திய மாதம் செய்யப்பட்டது. ஆனால் அவ்வேளை எந்தத் தொகைக்கும் அது உறுதி கொடுக்கவில்லை.

இதனை ஏளனம் செய்வது முறையாகாது. பாவசங்கீர்த்தனத்துக்கு ஆயத்தம் செய்யும் எவரும் ஆத்தும சோதனையிலேயே தொடங்குகிறார். கணக்குப் புத்தகத்தைத் திறக்கவே மறுத்த ஒரு கொம்பனி அதைத் திறந்தது பெரிய காரியம். எனினும் ஆத்தும சோதனை செய்தவர் அத்தோடு வீட்டுக்குப் போய்விட முடியாது. மனஸ்தாபம் வேண்டும், அறிக்கையிட வேண்டும், பரிகாரம் செய்ய வேண்டும். களவெடுத்த ஆட்டை வீட்டிலே கட்டி வைத்துக்கொண்டு பாவமன்னிப்புக் கேட்க முடியாது என்று நமக்குச் சிறுவயதிலே சொல்லித் தந்தார்கள். அந்தப் பாடம் பெரிய கொம்பனிகளுக்கும் பழையதாகிவிடவில்லை.

மறைந்த பாப்பரசர் பிரான்சிஸ், வட நாடுகள் தென் நாடுகளுக்குச் சூழலியற் கடன் பட்டுள்ளன என்று 2015ஆம் ஆண்டுச் சுற்றுமடலிலே எழுதினார். பொன், செம்புச் சுரங்கங்களின் நச்சுப் பாதிப்பையும் அங்கே பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். அவர் தேர்ந்த சொல் கடன் என்பதாகும், உதவி என்பதன்று. 2024 செப்டெம்பரில் அவர் பப்புவா நியூகினிக்குச் சென்றபோது, இயற்கை வளங்களை எடுப்பதற்கு வெளிநாட்டுக் கொம்பனிகள் வரவேண்டியிருந்தாலும், வருமானத்தைப் பங்கிடும்போதும் வேலை கொடுக்கும்போதும் அவ்விடத்து மக்களின் தேவைகளைக் கருதுவதே நியாயம் என்று ஆட்சியாளர் முன்னிலையில் எடுத்துரைத்தார். பூகன்வில் பிரச்சினைக்கு நிலையான தீர்வு காணப்படவேண்டும் என்றும் கேட்டுக்கொண்டார்.

நமக்கு என்ன?

தூரத்துத் தீவின் கதை என்று இதனை மடித்து வைத்துவிட முடியாது. நம் வீட்டுச் சுவருக்குள் ஓடும் மின்கம்பி செம்பு. நம் கைத்தொலைபேசியினுள்ளும் செம்பு. யாரோ ஒருவரின் ஆறு நம் வீட்டு விளக்கிலே எரிகிறது. நாமும் அந்தக் கணக்கில் எங்கோ ஒரு மூலையில் எழுதப்பட்டிருக்கிறோம்.

நம் வாசலிலும் இக்கேள்வி வந்து நிற்கிறது. மன்னார்த் தீவின் மணலிலே இல்மனைற் முதலிய கனிமங்கள் உண்டு. அவற்றை அகழும் திட்டங்கள் பல ஆண்டுகளாகப் பேசப்படுகின்றன. கடல் மட்டத்திலிருந்து அதிகம் உயராத அத்தீவில் மணலை எடுத்தால் நன்னீருக்கு என்ன ஆகும், கடல் உள்ளே வராதா என்ற அச்சம் மக்களிடம் உண்டு. 2025இல் அவர்கள் காற்றாலைகளுக்கும் கனிம மணல் அகழ்வுக்கும் எதிராக வீதியில் இறங்கியபோது குருக்களும் கூட நின்றார்கள்.

இத்தகைய இடங்களுக்குக் கொம்பனிகள் வெறுங் கையோடு வருவதில்லை. பாடசாலைக்குக் கணனி, விளையாட்டுக் கழகத்துக்குச் சீருடை, சில வேளை ஆலயத்துக்குக் கூரை என்று எதையாவது கொண்டுவருவார்கள். கொடுப்பவர் எல்லோரும் கெட்ட எண்ணத்தோடு கொடுக்கிறார்கள் என்று நாம் தீர்ப்பிட வேண்டாம். வறிய பங்கு ஒன்றின் குருவானவருக்கு ஒழுகும் கூரை பெரிய சோதனை என்பதும் உண்மை. ஆயினும் கையை நீட்டுமுன் மூன்று கேள்விகளைக் கேட்டுக்கொள்வது நல்லது. வேண்டாம் என்று சொல்லும் உரிமை மக்களுக்கு, விசேடமாகக் காணியுள்ள பெண்களுக்கு, உண்மையாகவே உண்டா? எடுத்துச் செல்லும் பொருளின் பெறுமதியில் எத்தனை வீதம் இவ்வூருக்குத் திரும்பும் என்பது எழுத்தில் உண்டா? வேலை முடிந்து போகும்போது குழியை யார் மூடுவார், அதற்கான பணம் இப்போதே ஒதுக்கி வைக்கப்பட்டுள்ளதா? இம்மூன்றுக்கும் மறுமொழி வரும்வரை கூரை பொறுக்கட்டும்.

யூதாசு எறிந்துவிட்டுப் போன வெள்ளிக்காசுகளைத் தலைமைக் குருக்கள் ஆலயக் காணிக்கையோடு சேர்க்கவில்லை. அது இரத்தத்தின் விலை என்று அவர்களுக்கே தெரிந்திருந்தது. ஆண்டவரைக் காட்டிக் கொடுக்கப் பணம் கொடுத்தவர்களுக்கே அவ்வளவு கூச்சம் இருந்ததென்றால், நமக்கு எவ்வளவு இருக்க வேண்டும்!

இறுதியாக ஒன்று. செல்வந்தனைத் தள்ளிவைப்பதற்காக இதை எழுதவில்லை. ஆண்டவர் சக்கேயுவைத் தள்ளவில்லை. அவனைப் பெயர் சொல்லி அழைத்து, அவன் வீட்டிலே தங்கினார். கொம்பனிகளுக்கும் அந்த அழைப்பு உண்டு. அவற்றில் பணிபுரிவோரும் மனச்சாட்சியுள்ள மனிதர். அவர்களில் நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள். அவர்கள் கொடுக்கும் தருமத்தை நாம் நன்றியோடு ஏற்கலாம். ஆனால் மரத்திலிருந்து இறங்கியவன் முதலாவது கணக்கை வாசித்துவிட்டு உட்கார்ந்தால், எழுந்து நின்று பணிவோடு கேட்கவேண்டியது நம் கடமை: ஐயா, மற்றக் கணக்கு எங்கே?